அக்கா வீட்டுக் கணப்பு

அந்தப் பையைக் கொஞ்சம் உங்க கால்பக்கம் நகத்திக்கறீங்களா? இல்லீங்க, இடிக்கல. என்னமோ கனமா இருக்குதேன்னு பாத்தேன். டைல்ஸா? மேட்டுப்பாளையத்துல வாங்கினீங்களா? எங்க, ஒண்ணை வெளிய எடுங்க பாக்கலாம்.

வெள்ளையில நீலப் பூ. நெனச்சேன். எதுக்குங்க இது, பாத்ரூமுக்கா? சாப்பாட்டு ரூமுக்கா? சாப்பாட்டு ரூம் சுவத்துலயா ஒட்டப் போறீங்க?

சரி, உள்ள வைங்க. நான் ஒண்ணும் சொல்லல.

சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கறேன், முடியலீங்க. என்ற தொழிலே அதுதானுங்களே. கோகிலவாணின்னு பேரு, கோயமுத்தூர். இன்டீரியர் டிசைனர். அதுக்குன்னு வீட்டுக்கு வீடு கர்ட்டன் மாட்டி, சோஃபா இழுத்துப் போடற ஆளுன்னு நெனச்சுராதீங்க. மலை வீடு மட்டுந்தான் செய்வேன். அதுலயும் சாப்பாட்டு ரூம் மட்டுந்தான். கார் சர்வீசுக்குப் போயிருக்குது, அதனால இன்னைக்கு இந்த பஸ்ஸு. இல்லீன்னா நான் இப்படி முட்டிய மடக்கி உக்காந்து வர்ற ஆளே இல்ல.

என்ன செய்வேன்னா, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதுக்க ஒரு கணப்பு வைப்பேனுங்க. வார்ப்பிரும்புல விறகு அடுப்பு. முன்னால கண்ணாடிக் கதவு. உள்ள விறகு எரியறது தெரியும், புகையெல்லாம் குழாய் வழியாக் கூரைக்கு மேல போயிரும். அந்த அடுப்பைச் சுத்தி, ரெண்டு பக்கமும் மேலயும், கான்கிரீட்டுல ஒரு பெரிய சட்டம். பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது, வெறும் கான்கிரீட். யானைத் தோல் கலர்ல இருக்கும். அதைப் பாத்துட்டு உக்காந்து சாப்பிட்டா, சாப்பிடறவங்க தானாப் பேச்சைக் குறைச்சுக்குவாங்க. அப்படி ஒரு கம்பீரம்.

ஆனா யாருக்குச் செய்யறோம்னு ஒண்ணு இருக்குதுங்களே. குன்னூர்ல ஒரு கண் டாக்டர். கண் டாக்டருங்க, பாத்துக்கோங்க. செஞ்சு குடுத்து ஆறு மாசம் கழிச்சுப் போறேன், கணப்புக்குள்ள அரிசி மூட்டை நிக்குது. எலி வராதாம். திருப்பூர்ல இருந்து வந்து மலையில வீடு கட்டின பனியன் கம்பெனிக்காரர் ஒருத்தரு, "ஏம்மா, இது ரிமோட்ல எரியாதா?"ங்கறாரு. இன்னொருத்தர் வாஸ்துக்காரனைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு. அவன் ஒரு காம்பஸை நீட்டிக்கிட்டு, அக்னி மூலையிலதான் தீ இருக்கோணும்னு நிக்கறான். அக்னி மூலையில அவங்க மாடிப்படி இருக்குது. படிக்கு அடியில உக்காந்தா சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்காங்க.

காசு இருக்குது, கண்ணு இல்ல. இந்த ஊர் ஜனங்களுக்கு நான் வச்சிருக்கற பேரு அதுதானுங்க.

வெளியாளாவது தொலையுதுன்னு விடலாம். சொந்த அக்காளே அப்படி இருந்தா என்ன பண்றது? அங்கதானுங்க இப்பப் போயிட்டு இருக்கேன். அரவேணுவுக்கு. எங்கக்கா துளசிமணி. மச்சான் கோத்தகிரியில வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு. வேலையில இருந்த வரைக்கும் ரெண்டு ரூம் வாடகை வீடு. சமைக்கற இடத்துலயே சாப்பிட்டு, சாப்பிட்ட இடத்துலயே பாயை விரிச்சுப் படுத்து, ரெண்டு பிள்ளைகளை வளத்தா. ரிடையர் ஆன பணத்துல அரவேணுவுல ஒரு துண்டு இடம் வாங்கி வீடு கட்டினாங்க. அப்பவே நான் சொல்லிட்டேன், சாப்பாட்டு ரூம் என்ற பொறுப்பு, யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு.

உனக்கு என்ன வேணும்கான்னு கேக்கத்தான் செஞ்சேன். கேக்காம செய்யறவ இல்ல நான். என்ன சொன்னா தெரியுங்களா? "எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடோணும் கோகி. தோசை கல்லுல இருந்து சூடாத் தட்டுக்கு வரோணும். அது போதும்." ஆயுசு பூரா கனவு கண்டு ஒரு பொம்பளை கேக்கறது அது. தோசை. நான் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியாம நின்னேன்.

சமையல்கட்டைச் சுருக்கி ஒரு ஓரத்துல தள்ளினேன். நடுவுல சுவர் எழுப்பிக் கதவு போட்டேன். தாளிக்கற வாசம் வந்து கான்கிரீட்டுல ஏறக் கூடாது பாருங்க. "கதவைத் தொறந்து தொறந்து தோசையக் கொண்டு வர்றதுக்குள்ள ஆறிருமே கோகி"ன்னா. ரூமே சூடா இருக்கும்போது தோசை எப்படிக்கா ஆறும்னு கேட்டேன். எங்கக்காகிட்ட ஒரு நல்ல குணம், ரெண்டாந்தடவை வாதாட மாட்டா. கடைசில ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்த அடுப்பு மேல தட்டையாத்தானே இருக்குது, அதுலயே கல்லைப் போட்டுக்கட்டுமா?" எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஜெர்மன்காரன் வார்த்த அடுப்புங்க அது. இது சமைக்கற அடுப்பு இல்லக்கா, பாக்கற அடுப்புன்னு சொல்லிட்டு வந்தேன்.

தூங்கறீங்களா? இல்லியா? கண்ணை மூடிக்கிட்டா தலை சுத்தாதுங்கறீங்க. சரி, மூடிக்கோங்க, காது திறந்திருந்தாப் போதும்.

கார்த்திகையில சட்டத்தை ஊத்தினோம். அச்சுப் பலகையைப் பிரிச்சப்ப அப்படி ஒரு கலர். நான் கோயமுத்தூர் போயிட்டு மூணாம்நாள் வந்து பாக்கறேன், மேல் சட்டத்துக்கு நட்ட நடுவுல சந்தனமும் குங்குமமும். மூணு பொட்டு, பெரிசு பெரிசா. எங்கக்கா வேலைதான். "புதுசா ஒண்ணு வைக்கறப்ப பொட்டு வைக்காம விடலாமா?"ங்கறா. நிலைக்கதவுக்கு வைக்கறாப்பல என்ற கான்கிரீட்டுக்கு வச்சிருக்கா. புதுக் கான்கிரீட்டு எதைத் தொட்டாலும் குடிச்சிரும், தேய்ச்சாப் போகாது. வினிகர் போட்டுப் பாத்தேன், உப்புத்தாள் போட்டுப் பாத்தேன், செவப்பு மங்கிப் பிங்க் ஆச்சே ஒழிய போகல. யானைக்கு மூணு பிங்க் பொட்டு.

என்ன பண்ணினேனா? முழுசா உடைக்கச் சொன்னேன். ஆமாங்க, முழுசா. பொட்டு வச்ச எடத்தை மட்டும் கொத்திப் பூசினா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும், என்ற பேரு என்னாகறது? எங்கக்கா ஓரமா நின்னு பாத்துட்டே இருந்தா. "பொட்டோட இருந்தா என்ன கோகி, நம்ம வீடுதானே"ன்னா. அந்த ஒரு வார்த்தையில இருக்குது பாருங்க அவ ரசனை.

மறுபடி ஊத்தறப்ப மார்கழி பாதி ஆயிருச்சு. இந்த மலையில மார்கழின்னா உங்களுக்குத் தெரியும், வெயிலையே பாக்க முடியாது, மூடுபனி ஜன்னல் வழியா உள்ள வந்து உக்காந்துக்கும். துணி காயாது. கான்கிரீட் எங்க காயறது? தை பொறந்ததும் மொத முகூர்த்தத்துல, பால் காய்ச்சிக் குடி போகப் புண்ணியார்ச்சனை வச்சுட்டாங்க. தள்ளி வைங்கன்னு நான் சொல்லலீங்க, ஏன்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாலதான் பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வர்றதாச் சொல்லியிருந்தாங்க. வீட்டு அலங்காரத்துக்குன்னே வர்ற பத்திரிகை. வழவழன்னு இருக்கும். அதுல வரோணும்னு எத்தனையோ பேரு தவம் கிடக்கறாங்க.

நீங்க வீடு கட்டறீங்க, அதனால ஒண்ணு சொல்றேன், காசு வாங்காம சொல்றேன். கான்கிரீட்டு ஊத்தி ஒரு மாசத்துக்குத் தீயே காட்டக் கூடாது. ஈரம் உள்ளயே இருக்கும். திடீர்னு பெரிய சூடு பட்டா அந்த ஈரம் ஆவியாகி வெளிய வர வழி தேடும். வழி இல்லீன்னா வெடிச்சுக்கிட்டு வந்துரும். அதனால மொதல்ல சுள்ளி வச்சுக் கொஞ்ச நேரம், மறுநா இன்னும் கொஞ்சம், அப்படிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கோணும். இது இந்தத் தொழில்ல அரிச்சுவடி. இது கூடத் தெரியாத ஜனங்கதான் மலையில வீடு கட்டறாங்க.

எங்கக்காகிட்டச் சொன்னனான்னா கேக்கறீங்க? இதையெல்லாம் ஒவ்வொருத்தரையா உக்கார வச்சுப் பாடம் நடத்தவா முடியும்? வாத்தியார் பொண்டாட்டி. வீட்டுலயே ஒரு வாத்தியார் இருக்காரு. கொஞ்சம் யோசிச்சாத் தெரியாதா?

போட்டோ எடுக்கற அன்னைக்குப் பாத்திருக்கோணும் நீங்க. சாப்பாட்டு மேசையில ஒரு தட்டு கிடையாது. ஒரே ஒரு மண் ஜாடி, அதுல காய்ஞ்ச புல்லு நாலு. எங்கக்கா தண்ணிச் சொம்பு கொண்டாந்து வைக்கறா, வாழைப்பழச் சீப்பு கொண்டாந்து வைக்கறா, நான் எடுத்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கறேன். கேமராக்காரருக்குத் தீ நல்லாக் கொழுந்து விட்டு எரியோணும். கண்ணாடியில அவர் நிழல் விழுதுன்னு கதவைத் தொறந்து வச்சுக்கிட்டோம். சவுக்குக் கட்டை. எங்கக்காதான் பக்கத்துல குத்துக்கால் வச்சு உக்காந்து ஒவ்வொண்ணாத் தள்ளிக் குடுத்தா. அதுல மட்டும் கெட்டிக்காரி, அணையவே விடல. மத்தியானத்துல இருந்து வெளிச்சம் போற வரைக்கும் எரிஞ்சுது.

நீங்க பாக்கற பார்வை புரியுதுங்க. அது போட்டோவுக்கு. அது வேற. யாரும் அதுல சமைக்கல.

முடிஞ்சதும் எங்கக்கா கூப்பிடறா. "கோகி, இங்க வந்து பாரு, மேல ஒரு கீறல் ஓடுது." தலைமுடி மாதிரி ஒரு கோடுங்க, அவ்வளவுதான். கான்கிரீட்டுக்குக் கீறல் ஒரு அழகு. வெளிநாட்டுல அதை வேணும்னே வரவைக்கறாங்க. அதைச் சொன்னேன். "அப்படியா? நீ சொன்னாச் சரி"ன்னுட்டா. அப்பறம் நான் கேமராக்காரர் அனுப்பின படத்தையெல்லாம் போன்ல பாத்துட்டு இருக்கேன், எது நல்லா வந்திருக்குதுன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிட்டு இருக்கேன், அப்ப வந்து பக்கத்துல நின்னுக்கிட்டு என்னமோ கேக்கறா. "நாளான்னைக்குப் பாலை இதுலயே காய்ச்சட்டுமா கோகி? சமையல்கட்டுல ரெண்டு பேருக்கு மேல நிக்க முடியாது. இங்கன்னா எல்லாரும் சுத்தி நின்னு பொங்கறதைப் பாக்கலாம்"னு. நான் ம்-ன்னேன்.

ம்-னு சொன்னா சரின்னு அர்த்தமாங்க? காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். ஒருத்தி வேலையா இருக்கறப்ப வந்து கேட்டா வேற என்ன சொல்வா?

புண்ணியார்ச்சனை அன்னைக்கு மச்சான் வீட்டு ஜனம் மொத்தமும் வந்து இறங்கிருச்சு. அவங்க பாத்த பார்வை இருக்குதே. ஒருத்தர் பாக்கியில்லாம என்ற கணப்பு முன்னால வந்து நின்னு, "ஏனுங்க, இங்க பூச்சு வேலை பாக்கி நிக்குதாட்ட இருக்குது?"ங்கறாங்க. "கையைக் கடிச்சிருச்சா வாத்தியாரே?"ன்னு மச்சான்கிட்ட ரகசியமாக் கேக்கறாங்க. ஒரு பெரியவரு, "சிமெண்ட்டு மட்டும் வேணும்னா எங்க வீட்டுல மிச்சம் கிடக்குது, அனுப்பி வைக்கறேன்"னாரு. என்னத்தைச் சொல்ல? எங்கக்கா எல்லாருக்கும் காபியைக் குடுத்துட்டு, "அப்படித்தான் இருக்கோணுமாம், எந்தங்கச்சி செஞ்சது, புஸ்தகத்துல வரப் போவுது"ன்னு வாய் வலிக்காம சொல்லிட்டு இருந்தா. டிசைன் பண்ணினதுன்னு சொல்லக் கூடத் தெரியல. செஞ்சதாம், நான் என்னமோ முறுக்குச் சுட்ட மாதிரி.

பாலு வச்சாங்க. புதுப் பித்தளைச் சொம்புல, மஞ்சக் கொம்பு கட்டி, அந்த அடுப்பு மேல. நான் வெளிய பத்திரிகைக்காரங்களோட போன்ல பேசிட்டு இருந்தேன். உள்ள வந்து பாக்கறப்ப கதவைத் தொறந்து விட்டுச் சவுக்கு எரியுது, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, எங்கக்கா பட்டுச் சேலையில சொம்புக்கிட்டக் குனிஞ்சு நிக்கறா, பாலு எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாக்க. கிழக்கால பொங்கினா நல்லதாம். பொங்கியும் பொங்குச்சு, எல்லாரும் குலவை போட்டாங்க, அந்தச் சத்தத்தோட இன்னொரு சத்தம். துப்பாக்கி சுட்ட மாதிரி.

மேல் சட்டம் போயிருச்சுங்க. ஒரு முழ நீளத்துக்குப் பேந்து நேரா விழுந்திருச்சு. ஓடிப் போய்க் கையை வச்சுப் பாக்கறேன், உள்ள கம்பி தெரியுது, ஓரமெல்லாம் நொறுங்கிக் கிடக்குது, இனி ஒட்ட வைக்கவே முடியாது. ரெண்டு தடவை ஊத்தினதுங்க. அந்தக் கலர் இனி வராது.

பாலா? பால் பூராவும் எங்கக்கா கையில. பேந்த துண்டு சொம்பு மேலதான் விழுந்துச்சு, சொம்பு இவ பக்கம் சாஞ்சிருச்சு. சோத்துக் கை, விரல்ல இருந்து முழங்கை வரைக்கும். யாரோ குழாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க, அப்பறம் மச்சான் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் கூடப் போகலீங்க, உடைஞ்சதை யாரும் கூட்டித் தள்ளிரக் கூடாதுன்னு அங்கயே நின்னுட்டேன். ஜனங்க சொன்னதைச் சொல்லி மாளாது. அபசகுனம்னாங்க. வந்த அன்னைக்கே வீடு காவு கேக்குதுன்னாங்க. அந்தப் பெரியவரு என்னைப் பாத்து, "பூச்சு வேலையை முடிச்சிருந்தா இது ஆயிருக்குமா?"ன்னாரு.

சாயந்தரம் கையில கட்டோட வந்தா. மச்சானோட அண்ணன் கூடத்துல எல்லாருக்கும் முன்னால கேட்டாரு, இது யாரு செஞ்ச தப்புன்னு. என்னைப் பாத்துட்டேதான் கேட்டாரு. எங்கக்கா உடனே சொன்னா, "கோகி மேல ஒண்ணும் இல்லீங்க. நாந்தான் அவகிட்டக் கேக்காமப் பத்த வச்சுட்டேன்."

பாத்தீங்களா? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் ஒரு வார்த்தை பேசல, பேச வேண்டிய அவசியமே வரல. தப்பு பண்றவங்க ஒரு நாளைக்கு ஒத்துக்கத்தான் வேணும். மச்சான்தான் என்னமோ மாதிரிப் பாத்துட்டு, "நீ கிளம்பு கோகிலா, நேரமாச்சு"ன்னாரு. மச்சான் எப்பவும் அப்படித்தான், ஆளே ஒரு மாதிரி.

என்னங்க? அவதான் கேட்டாளேங்கறீங்களா? பால் காய்ச்சட்டுமான்னு கேட்டா. பத்த வைக்கட்டுமான்னா கேட்டா? விடுங்க, உங்களுக்கும் தலை சுத்துது.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. பங்குனியில ஒரு தடவை போனேன். உள்ள நுழையறேன், தோசை வாசம். கதவைக் கழட்டிட்டாங்க. நடுச்சுவத்துல பாதி இல்ல. என்ற கான்கிரீட்டை மொத்தமாக் கொத்தி எடுத்துட்டு டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. வெள்ளையில நீலப் பூ. அப்படியே இதுதாங்க, உங்க பையில இருக்கறதுதான். எனக்கு அதான் முதல்லயே பாத்ததும் திக்குனு ஆயிருச்சு. ஜெர்மன் அடுப்பு மேல தோசைக்கல்லு. அடுப்பைச் சுத்திப் பிள்ளைக, மருமக, பேரனுக, பக்கத்து வீட்டம்மா, எல்லாம் தட்டை மடியில வச்சுட்டு உக்காந்திருக்குதுக. மேசை ஓரமாக் கிடக்குது, அது மேல துணி மடிச்சு வச்சிருக்காங்க. எங்கக்கா இடது கையில தோசை வார்க்கறா. "வா கோகி, உக்காரு, சூடா ஒண்ணு"ங்கறா. எப்படி இருக்கும் எனக்கு? நாலு தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

இப்ப ஏன் போறேன்னா, இருங்க, இதைக் காமிக்கறேன். இதுதான் அந்தப் பத்திரிகை. அட்டையப் பாருங்க. உள்ள நடுப்பக்கம். இதுதான் ரூமு. தீயைப் பாருங்க, கான்கிரீட்டுல அந்த வெளிச்சம் விழறதைப் பாருங்க. இதைப் பாத்துட்டு ஒரு பெரிய விருதுக்குக் கடைசிச் சுத்துக்கு எடுத்திருக்காங்க. தமிழ்நாட்டுலயே ஒரு சிலர்தான். வர்ற வாரக் கடைசியில ஜட்ஜுங்க நேர்ல பாக்க வர்றாங்க. நேர்லங்க. அவங்க வந்து நீலப் பூவையும் தோசைக்கல்லையும் பாத்தா நான் தூக்குப் போட்டுக்கத்தான் வேணும்.

அதனால இன்னைக்கே டைல்ஸை உடைச்சாகோணும். ஆளுங்க பின்னால வேன்ல வர்றாங்க, பலகை, சிமெண்ட்டு எல்லாத்தோட. சீக்கிரம் இறுகற சிமெண்ட்டு இப்ப வந்திருக்குது, நாளைக்கு ஊத்தினா ரெண்டு நாள்ல பலகையப் பிரிச்சரலாம். ஜட்ஜுங்க வர்றப்பக் கணப்பு எரிஞ்சுட்டு இருக்கோணும், அதுதான் முக்கியம். அதுக்கு எங்கக்கா இருக்கா. அந்த அடுப்பு அவளுக்குத்தான் பழக்கம். ஒரே நிமிஷத்துல கொழுந்து விட வச்சிருவா.

அவகிட்ட இன்னும் சொல்லலீங்க. சொந்த அக்காகிட்டப் பர்மிஷன் வாங்கோணுமா? ஒரு வேளை முடியாதுன்னு சொல்லிட்டாளோன்னு காலையில இருந்து ஒரு நெனப்பு உள்ள ஓடிட்டேதான் இருக்குது. சொல்ல மாட்டா. சொன்னாப் போச்சு, எல்லாம் போச்சு, நான் இந்தத் தொழில்ல தலை தூக்கவே முடியாது.

எந்தக் கை? ஓ, இந்தப் படத்துல. அதை ஏங்க நீங்க பாக்கறீங்க? எல்லாரும் தீயைத்தான் பாப்பாங்க. அது எங்கக்கா கை. கட்டையைத் தள்ளறப்ப ஓரத்துல விழுந்திருச்சு. எடுத்துருங்க, எடுத்துருங்கன்னு பத்திரிகைக்காரங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன், விட்டுட்டாங்க. படத்துல அது ஒண்ணுதான் உறுத்தல். ஆமா, கண்ணாடி வளையல்தான், முழங்கை வரைக்கும் போட்டிருந்தா அன்னைக்கு, புண்ணியார்ச்சனைக்குன்னு. இப்பப் போடறதில்ல. மணிக்கட்டுல தோல் இறுகிப் போச்சாம், விரல் மடங்க மாட்டேங்குதாம், வளையல் ஏறலியாம். இடது கையிலயாவது போடலாமில்ல? அதுலயும் போடறதில்ல. எல்லாம் ஒரு பிடிவாதம்.

குடுங்க, மடங்கிரும்.

குஞ்சப்பனை தாண்டியாச்சுங்களா? அப்படின்னா இனி சிக்னல் வந்துரும். இருங்க, அவகிட்டப் பேசிர்றேன்.

அக்கா. ஆமா, பஸ்ஸுலதான். வந்துட்டேன். அக்கா, ஒரு விஷயம், நீ குறுக்க பேசாமக் கேளு. அந்த டைல்ஸை எடுக்கோணும். ஆமா, எல்லாத்தையும். மறுபடி கான்கிரீட்டு ஊத்தோணும். பெரிய பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்கக்கா, என்ற பொழப்பே அதுலதான் இருக்குது. ஆளுங்க வந்துட்டு இருக்காங்க. அக்கா? கேக்குதா? அக்கா?

லைன்லதான் இருக்கா. பின்னால பிள்ளைக சத்தம் கேக்குது.

சொல்லுக்கா. ம். ம். சரி. சரி, வச்சிர்றேன். சாப்பிடறேன், சாப்பிடறேன், வந்து சாப்பிடறேன்.

என்ன சொன்னா தெரியுங்களா? "உடைச்சுக்கோ"ன்னுட்டா. நான்தான் சொன்னனே. உடைச்சுக்கோ கோகி, மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன்னா. கேட்டீங்களா? தப்பு தன்மேலன்னு அவளுக்குத் தெரியுது, அதான். மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களே. பத்து மாசமா நான் வச்சிருந்த பாரமெல்லாம் இப்பத்தான் இறங்குச்சு. இதுக்குப் போய்க் காலையில இருந்து ஒரு வாய் சோறு இறங்காம உக்காந்திருந்தேன்.

அந்தா, அரவேணு வளைவு. நான் இறங்கோணும். உங்க பையை இப்பக் கொஞ்சம் தூக்குங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், அந்த டைல்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க. என்ற கார்டு வேணுங்களா? வேண்டாமா? சரி.

திரும்பக் கூப்பிடறா பாருங்க. எறங்கற நேரத்துல.

என்னக்கா? வண்டி நிக்கப் போவுது, சீக்கிரம் சொல்லு. ம்.

ஒண்ணுமில்லீங்க. "இந்தத் தடவை எத்தனை நாள் கழிச்சுப் பத்த வைக்கோணும்னு மட்டும் மொதல்லயே சொல்லிரு கோகி, பிள்ளைக பக்கத்துல நிக்கும்"ங்கறா. நீங்களே பாருங்க. பத்து மாசம் ஆச்சு, கை போச்சு, இன்னும் அதையேதான் கேட்டுட்டு இருக்கா. இவங்களுக்கெல்லாம் என்னத்தைச் சொல்லிப் புரிய வைக்கறது, அதுவும் படியில ஒரு காலை வச்சுக்கிட்டு?

ம்-னு சொல்லி வச்சுட்டேன்.